டயருக்குள் ஒரு துணி

விளாத்திகுளம் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியர் கடிதம் எழுதியிருக்கிறார். வயது நாற்பத்தெட்டு. பள்ளிக்கூடம் 11 கிலோமீட்டர். பைக்கை வீட்டில் நிறுத்திவிட்டு சைக்கிளில் போகலாம் என்று டவுன் கடைக்குப் போயிருக்கிறார். ஒரு பக்கம் விரல் தடிமனில் டயர் போட்ட அலுமினிய ரேஸ் சைக்கிள். இன்னொரு பக்கம் முன்னால் ஸ்பிரிங்கும் பல்லுப் பல்லாய் டயரும் வைத்த மலைச் சைக்கிள். இரண்டையும் ஓட்டிப் பார்த்தாராம். முதலாவது இடுப்பைப் பதம் பார்த்தது. இரண்டாவது உர்ரென்று சத்தம் போட்டதே தவிர நகரவில்லை. "எங்கப்பா வச்சிருந்த சைக்கிள் மாதிரி சுகமா, ஆனா அதைவிட லேசா, மிதிச்சா கொஞ்சம் துள்ளுற மாதிரி ஒண்ணு கிடையாதா சார்?" என்று முடித்திருக்கிறார்.

உண்டு. இரும்பு ஃபிரேம், அகல டயர். ஆனால் பதிலை ஃபிரேமிலிருந்து தொடங்க எனக்கு மனசில்லை, டயரிலிருந்து தொடங்குகிறேன்.

என் அப்பா கோவில்பட்டியில் மில் தொழிலாளி. எந்தத் துணி கையில் கிடைத்தாலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். "இது நாப்பதாம் நம்பர் நூல், இது எம்பது" என்பார். நம்பர் கூடக் கூட நூல் சன்னம். சன்னமான நூலில் நெய்தது உடம்பில் தண்ணீர் மாதிரி விழும். மொத்த நூல் துணி விறைத்துக்கொண்டு நிற்கும். ஊர்ப் பிள்ளைகள் எல்லோரையும் போல நானும் பழைய சைக்கிள் டயரைக் குச்சியால் அடித்து உருட்டியவன். தேய்ந்துபோன டயரின் ஓரத்தில் ரப்பர் உரிந்து உள்ளே நூல் தெரியும். இழுத்தால் வரிசையாய்ப் பிரிந்து வரும். ஒரு நாள் அந்த நூலையும் அப்பா விரலில் வைத்துத் தேய்த்தார். "டயரும் துணிதாண்டா" என்றார். அது எவ்வளவு சரியான பேச்சு என்று புரிய எனக்கு முப்பது வருஷம் ஆனது.

காற்றைக் கசியவிடாமல் வைத்திருப்பது டியூப். அந்தக் காற்றின் அழுத்தத்தைத் தாங்குவது துணி. வெளியே தெரியும் ரப்பர் அந்தத் துணிக்குப் போட்ட செருப்பு, அவ்வளவுதான். 1888-இல் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்று டயர் கட்டியபோதும், ரப்பர் குழாயைச் சுற்றித் துணியைத்தான் கட்டினார். முதலில் வந்த டயர்களில் சாதாரண நெசவுத் துணி இருந்தது. நெசவு என்றால் ஒரு நூல் இன்னொன்றின் மேலேறிக் கீழிறங்கும். சக்கரம் சுற்றும்போது தரையைத் தொடும் இடம் ஒவ்வொரு சுற்றிலும் அமுங்கி நிமிர்கிறது. குறுக்கு வெட்டும் இடமெல்லாம் நூலும் நூலும் உரசி ஒன்றையொன்று அறுத்துக்கொண்டன. தறியை டயரிலிருந்து விலக்கியதுதான் அதற்குக் கிடைத்த தீர்வு. நூல்களைப் பின்னாமல் பக்கத்தில் பக்கத்தில் சாய்வாக அடுக்கி, ரப்பரில் தோய்த்து ஓர் அடுக்கு. அதன்மேல் எதிர்ச் சாய்வில் இன்னோர் அடுக்கு. அடுக்குகள் நடுவே ரப்பர் இருப்பதால் நூல் நூலைத் தொடுவதில்லை. பாவு மட்டும் உண்டு, ஊடு இல்லை. இன்றைக்கும் சைக்கிள் டயர் அப்படித்தான்.

நம் ஆசிரியரின் 11 கிலோமீட்டரில் சக்கரம் ஏறத்தாழ 5,000 தடவை சுற்றும். டயரின் ஒவ்வோர் அங்குலமும் 5,000 தடவை மடங்கி நிமிரும். துணி மொத்தமாக இருந்தால் ஒவ்வொரு மடிப்பும் கால் கொடுக்கும் பலத்தில் கொஞ்சத்தைச் சூடாக்கித் தின்னும். சன்னமாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடும். மலிவு டயர்களில் அங்குலத்துக்கு முப்பது இழைகூடத் தேறாது. நல்ல டயரில் 60, அதற்கு மேல் 120. கையால் பருத்தி இழை வைத்துச் செய்யும் பந்தய டயர்கள் 300-ஐத் தாண்டும். டயரின் பக்கவாட்டில் டி.பி.ஐ. என்று போட்டிருப்பது இந்தக் கணக்குதான். பஞ்சாலைச் சங்கு கேட்டு விழித்த ஊர்க்காரர்கள் நாம். கருங்கண்ணிப் பருத்தி விளைந்த மண். இந்த எண்ணைப் படிக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அகலத்துக்கு வருவோம். ஒல்லி டயரைக் கல்லாக அடித்தால்தான் வேகம் என்று உலகமே ரொம்ப நாள் நம்பியது. வழவழப்பான இரும்பு உருளைமேல் ஓட்டி அளந்தால் அது சரிதான். ரோடு உருளை இல்லையே! ஜல்லி பெயர்ந்த ரோட்டில் இறுகிய டயர் ஒவ்வொரு கல்லுக்கும் வண்டியையும் ஆளையும் தூக்கிப் போடுகிறது. தூக்கிப் போடும் பலம் எங்கிருந்து வருகிறது? உங்கள் காலிலிருந்து. அது இடுப்பிலும் தோளிலும் அதிர்வாகிக் கரைகிறது. அகல டயரில் காற்று குறைவாக இருந்தால் கல்லை டயரே விழுங்கிக்கொள்ளும். வண்டி நேரே போகும். பிரான்சில் சேந்த்-எத்தியென் நகரில் சைக்கிள் பத்திரிகை நடத்திய பால் தெ விவீ (1853–1930) அந்தக் காலத்திலேயே அகல டயருக்காக வாதாடினார். நம் நாளில் அமெரிக்காவின் சியாட்டிலில் 'பைசைக்கிள் குவார்ட்டர்லி' ஆசிரியர் யான் ஹைனே, நிஜ ரோட்டில் ஆளை உட்காரவைத்து அளந்து அதையே திரும்பச் சொன்னார். முதலில் யாரும் கேட்கவில்லை. இன்று 23 மில்லிமீட்டர் டயரில் பறந்த பந்தய வீரர்கள் 28-க்கும் அதற்கு மேலும் போய்விட்டார்கள்.

உங்கள் அப்பா சைக்கிளின் டயர் 28 × 1½. அதாவது ஏறத்தாழ 40 மில்லிமீட்டர். நம் ஊர் ரோட்டுக்கு இந்த அகலம்தான் அளவு என்று அன்றைக்கே தெரிந்திருந்தது. இன்றைய அகல டயர் ரோடு சைக்கிளில் 700 × 38, 700 × 40 என்று எழுதியிருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். ஒரு எச்சரிக்கை: இரண்டையும் கடையில் '28 இன்ச்' என்றுதான் சொல்வார்கள். ஆனால் பழைய ரிம்மின் டயர் உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டர், புதியதற்கு 622. ஒன்றின் டயர் இன்னொன்றில் ஏறாது.

இழை கூடினால் நல்லது என்றேன். ஆனால் எண்பதாம் நம்பர் வேட்டியைக் கட்டிக்கொண்டு முள்ளுக்காட்டில் இறங்க முடியாது. உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும் நம் ரோட்டோரத்தில் கிடக்கும்வரை, 60 இழை, நடுவில் முள் தடுக்கும் பட்டை வைத்த டயர் போதும். பஞ்சர் ஒட்டும்போது டியூபை மட்டும் பார்க்காதீர்கள். எங்கள் தெரு சைக்கிள் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்து ஒட்டி முடித்ததும், டயருக்குள் விரலை விட்டு ஒரு முழுச் சுற்று மெதுவாகத் தடவி வருவார். ஓர் இடத்தில் விரல் நிற்கும். ஊக்கு முனையால் நெம்பி, கடுகில் பாதி இருக்கும் கறுத்த முள் முனையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார். அதை விட்டிருந்தால் மறுநாள் அதே இடத்தில் இன்னொரு ஓட்டை.

கரிசல் இன்னொன்றும் கேட்கிறது. ஐப்பசி மழையில் மண்பாதையில் இறங்கினால் கரிசல் மண் கம்மங்களி போல் டயரில் அப்பி மட்கார்டுக்குள் ஏறும். பத்தடிக்கு ஒருதரம் இறங்கிக் குச்சியால் தோண்டவேண்டும்; இல்லாவிட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். அதனால் டயருக்கும் ஃபோர்க்குக்கும், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் சுண்டுவிரல் தாராளமாகப் போய்வரும் இடைவெளி இருக்கிறதா என்று கடையிலேயே விட்டுப் பாருங்கள்.

இனி இரும்பு. கடைக்காரர்களே தவறாகச் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு. விலை கூடிய எஃகு அதிக விறைப்பு என்பார்கள். கிடையாது. மலிவு எஃகும் உயர்ந்த எஃகும் வளைவதில் ஒன்றுதான். ஒரே அளவுக் குழாய் என்றால் ஒரே பலத்துக்கு ஒரே அளவு வளையும். வித்தியாசம் உறுதியில். உயர்ந்த எஃகு உடையாமல் தாங்கும் என்பதால் குழாயை மெல்லியதாக இழுக்கலாம். மெல்லிய குழாய்தான் லேசாகவும் துள்ளலாகவும் இருக்கிறது. பர்மிங்காமின் ரெய்னால்ட்ஸ் கம்பெனி 1897-இல் ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றது: பற்றவைக்கும் முனைகளில் குழாய்ச் சுவர் தடிமனாக, நடுவில் மெல்லியதாக. வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. நல்ல ஃபிரேமில் முனையில் 0.8 மில்லிமீட்டர், நடுவில் 0.5 இருக்கும். கடையில் 'குரோமோலி' (உயர்ந்த எஃகு), 'டபுள் பட்டட்' (இரு முனையும் தடித்த குழாய்) என்ற சொற்கள் ஸ்டிக்கரில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு நகத்தால் சுண்டுங்கள். எங்கள் அம்மா பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்பது போலத்தான். முனையில் 'டொக்' என்று அடங்கும். நடுவில் 'டிங்' என்று கொஞ்சம் நின்று ஒலிக்கும். தடிக்குழாய் எங்கே சுண்டினாலும் 'டொக்'தான்.

அலுமினியத்தின் கதை வேறு. அது எஃகில் மூன்றில் ஒரு பங்குதான் விறைப்பு; அடிக்கடி வளைந்தால் களைத்து விரிசல் விடும். வளையவிடக்கூடாது என்றே குழாயைப் பருமனாகச் செய்கிறார்கள். அதனால்தான் அந்த ரேஸ் சைக்கிள் பாறை மாதிரி இருந்தது.

துள்ளலைப் பற்றி யான் ஹைனே ஒன்று சொல்கிறார்: மெல்லிய குழாய் ஃபிரேம் மிதிக்கு லேசாக வளைந்து, மிதி முடியும் கணத்தில் திரும்பிவந்து காலோடு சேர்ந்துகொள்கிறது என்று. பொறியாளர்கள் எல்லோரும் இதை ஒத்துக்கொள்வதில்லை. நான் ஒத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் இரண்டு பெண்கள் ஒரே உரலில் மாற்றி மாற்றிக் கம்பு குத்தும்போது, உலக்கைகள் தாளத்தில் விழுந்துவிட்டால் கை தானாக எழும். அந்தச் சேர்மானம் நல்ல இரும்புச் சைக்கிளில் கழுகுமலை ரோட்டில் மூன்றாவது கிலோமீட்டரில் எனக்குக் கிடைத்திருக்கிறது.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அம்பத்தூரில் 1949-லேயே சைக்கிள் தொழிற்சாலை வந்தது; 1955-இல் ஆவடியில் குழாய் செய்யும் ஆலையும் வந்தது. குழாயும் இங்கே, சைக்கிளும் இங்கே. ஆனாலும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போன பெண்களும் கேரியரில் நாலு குடம் கட்டித் தண்ணீருக்கு அலைந்தவர்களும் மிதித்தது இருபது கிலோ எடை தடிக்குழாய் வண்டியைத்தான். அவர்களுக்கு ஒரு மெல்லிய குழாய் சைக்கிள் செய்து கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. 2020 ஜூன் 3, உலக சைக்கிள் தினத்தன்று, அட்லஸ் சைக்கிள் கம்பெனி சாகிபாபாத் ஆலையை நிறுத்தியது. இன்று பிள்ளைகளுக்கு விற்கப்படும் மலைச் சைக்கிளில் அந்த ஸ்பிரிங் ஃபோர்க்கின் எடையும், தார் ரோட்டில் பல் டயர் இழுக்கும் இழுப்பும் சேர்ந்து, சைக்கிள் என்றாலே கஷ்டம் என்று அவர்கள் மனதில் பதிந்துவிடுகிறது. பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிள் காலேஜ் போனதும் திண்ணையோரம் துருப்பிடிப்பதற்கு அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆசிரியர் அவர்களுக்கு மிச்சம் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஹேண்டில்பார் சீட் உயரத்துக்காவது வரவேண்டும். ஃபோர்க் முனை முன்னோக்கி மெல்ல வளைந்து ஒல்லியாக முடிந்தால் நல்லது. அந்த ஒல்லி நுனி சின்ன அதிர்வை வாங்கிக்கொள்ளும். எடை 13 கிலோவுக்குள் இருந்தால் போதும். அதற்குக் கீழே ஒவ்வொரு கிலோவுக்கும் கொடுக்கும் காசு நல்ல டயருக்குப் போகட்டும். பழைய இரும்பு ஃபிரேம் கிடைத்தால் விடாதீர்கள். துருவைச் சுரண்டிப் பாருங்கள், மேலோடு இருந்தால் வாங்கிக் கோட்டம் எடுத்து ஓவராயிலிங் செய்துகொள்ளலாம்.

வண்டியைக் கொடுக்கும்போது கடையில் டயரைக் கம்ப்ரெஸ்ஸரில் கல்லாக அடித்துத்தான் கொடுப்பார்கள். ஊரைத் தாண்டியதும் புளியமர நிழலில் நிறுத்துங்கள். அமெரிக்கர் ஃபிராங்க் பெர்ட்டோ சொன்ன கணக்கு, ஆள் ஏறி உட்கார்ந்தால் டயர் தன் உயரத்தில் 15 சதவீதம் அமுங்க வேண்டும். 40 மில்லிமீட்டர் டயருக்கு 6 மில்லிமீட்டர். நடுத்தர எடை ஆளுக்குப் பின்னால் 45 பி.எஸ்.ஐ. பக்கம் வரும், முன்னால் இன்னும் கொஞ்சம் குறைவு. அளவுகோல் இல்லாவிட்டால் வால்வை நகத்தால் தொட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விடுங்கள். கட்டைவிரலால் அழுத்தும்போது பழுக்கத் தொடங்கிய கொய்யா மாதிரி கொடுக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு ஏறி மிதியுங்கள்.