தமிழில் பீரங்கிச் சொற்கள்

பீரங்கி, குண்டு, வேட்டு, தோட்டா, வெடிமருந்து முதலியவை போர்க்களத்தோடு தொடர்புடைய சொற்கள். இவை தமிழில் நேர்ப்பொருளிலும் உருவகப் பொருளிலும் வழங்குகின்றன. ஒரு சொல் எந்தப் பொருளில் வந்துள்ளது என்பதை அறிவது மாணவர்களுக்கும் மொழிபெயர்ப்போருக்கும் இன்றியமையாதது.

சொற்கள் வந்த வழி

ஐரோப்பியரைக் குறிக்கும் 'ஃபரங்கி' என்ற பாரசீகச் சொல்லே தமிழில் 'பறங்கி' ஆயிற்று. அவர்களோடு தொடர்புடைய பெரிய சுடுகருவி 'பீரங்கி' எனப்பட்டது. துப்பாக்கி என்பது துருக்கியச் சொல்லின் வழிவந்தது. தோட்டா இந்துஸ்தானியிலிருந்து வந்தது. குண்டு, வெடி, மருந்து, திரி ஆகியவை ஏற்கெனவே தமிழில் இருந்து புதிய பொருள் ஏற்றவை.

பெரம்பலூர் மாவட்டத்திற்கு இவ்வரலாற்றில் பங்குண்டு. இரண்டாம் கருநாடகப் போரின்போது 1751இல் ரஞ்சன்குடிக் கோட்டையை ஒட்டிய வாலிகண்டபுரம் பகுதியில் ஆங்கிலேயர் தரப்பும் பிரெஞ்சுக்காரர் தரப்பும் மோதின. இம்மாவட்டத்தின் லப்பைக்குடிக்காட்டை ஒட்டி ஓடும் வெள்ளாறு, பரங்கிப்பேட்டை அருகே கடலில் கலக்கிறது. அங்கு 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியின் படையும் சர் அயர் கூட்டின் படையும் பொருதின. அவ்வூர்ப் பெயரும் 'பீரங்கி' என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

நேர்ப்பொருள்

தஞ்சாவூரின் பீரங்கி மேட்டில் நாயக்கர் காலத்து இரும்புப் பீரங்கி இன்றும் உள்ளது. பீரங்கி போருக்கு மட்டும் உரியதன்று. இந்தியக் குடியரசுத் தலைவருக்கு 21 குண்டுகள் முழங்க மரியாதை செய்யப்படுகிறது. ரமலானில் கெய்ரோ, துபாய் போன்ற நகரங்களில் நோன்பு திறக்கும் நேரத்தைப் பீரங்கி ஒலி அறிவிக்கிறது. கிணறு தோண்டும்போது பாறையை உடைக்க வைக்கும் வெடி 'வேட்டு' எனப்படும்.

உருவகப் பொருள்

வேட்டு வைத்தல்: ஒருவரின் பிழைப்பையோ திட்டத்தையோ கெடுத்தல். "என் வேலைக்கே வேட்டு வைத்துவிட்டான்."

வெற்றுவேட்டு: குண்டு இல்லாமல் மருந்து மட்டும் இட்டுச் சுடுவது. பேச்சு வழக்கில் 'வெத்துவேட்டு'. சத்தம் மட்டும் உள்ள, செயல் இல்லாத ஆளைக் குறிக்கும். மரியாதைக்காக முழங்குவதும் குண்டில்லா வேட்டுதான். ஆனால் அங்கு இகழ்ச்சி இல்லை.

குண்டைத் தூக்கிப் போடுதல்: எதிர்பாராத அதிர்ச்சிச் செய்தி சொல்லுதல்.

பிரசாரப் பீரங்கி: தேர்தல் மேடையில் முழங்கும் பேச்சாளர்.

கொளுத்திப் போடுதல்: இருவரிடையே சண்டை மூட்டிவிடுதல்.

புஸ்வாணமாதல்: பெரிதாக எதிர்பார்த்தது ஒன்றுமில்லாமல் போதல்.

ஆங்கிலத்துடன் ஒப்பீடு

ஆங்கிலத்தில் தொடர்ந்து பாயும் கேள்விகளை 'பராஜ்' என்பர். அது பீரங்கிகளின் தொடர் தாக்குதலைக் குறிக்கும் சொல். தமிழில் அவ்விடத்தில் நிற்பது 'சரமாரி'. சரம் என்றால் அம்பு, மாரி என்றால் மழை. 'கேள்விக் கணை' என்பதும் அவ்வாறே. பீரங்கி வந்த பின்னும் தமிழ் உருவகம் வில்லை விடவில்லை. 'ஏவுகணை' என்ற புதுச்சொல்லிலும் கணை உண்டு.

'லூஸ் கேனன்' என்பது கப்பலில் கட்டு அவிழ்ந்து உருளும் பீரங்கியைக் குறித்து, கட்டுக்கு அடங்காத மனிதருக்கு ஆகிவந்தது. அதைத் 'தளர்ந்த பீரங்கி' என்று பெயர்த்தால் பொருள் கெடும். 'எந்நேரம் என்ன செய்வாரோ என அஞ்ச வைப்பவர்' என்பதே பொருத்தம். அதுபோலப் 'பிரசாரப் பீரங்கி'யைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் படிப்பவர் ஆயுதம் என்றே எண்ணக்கூடும்.

பயன்பாட்டில் கவனம்

ஈழத்தமிழில் 'எறிகணை', 'ஷெல்' ஆகியவை வாழ்ந்து பட்ட அனுபவத்தின் சொற்கள். 2009இல் முடிந்த போரில் வன்னி மக்கள் எறிகணை வீச்சுக்கு அஞ்சிப் பதுங்கு குழிகளில் தங்கினர். "ஷெல் விழுந்தது" என்பது அங்கு உருவகம் அன்று. தமிழகச் செய்தித் தலைப்பில் "குண்டு போட்டார்" என வந்தால் வாசகர் புன்னகைக்கலாம். போரில் உறவினரை இழந்தவருக்கு அதே தொடர் வேறாக ஒலிக்கும். ஆகவே வாசகர் யார், செய்தி எது என்று பார்த்தே இச்சொற்களை எடுத்தாள வேண்டும். உண்மையான வெடிவிபத்து, போர் பற்றிய செய்திகளில் இவ்வகை உருவகங்களைத் தவிர்ப்பதே முறை.