கையெழுத்துக்கு முன்

தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே பெண்ணுக்குச் செய்யும் ஆபரேஷன் என்றாகிவிட்டது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 58 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள்; ஆண்கள் ஆயிரத்துக்கு ஒருவர்தான். சேத்துப்பட்டு, ஆரணி பக்கத்துப் பட்டுத் தறி வீடுகளில் ஆண் ஆபரேஷன் செய்துகொண்டால் தறியில் உட்கார முடியாது என்ற பயம் உண்டு. மருத்துவக் கணக்கு வேறு. கத்தியில்லா வாசெக்டமிக்குப் பின் இரண்டு நாளில் இலகுவான வேலைக்கும், ஒரு வாரத்தில் வழக்கமான வேலைக்கும் திரும்பலாம். பெண்ணுக்கு முழு வேலைக்குத் திரும்ப இரண்டு வாரம் ஆகும். தறிக்கு நூலைத் தார் சுற்றுவதும் வேலைதானே! ஆனால் வாசெக்டமி உடனே பலன் தராது. மூன்று மாதம் ஆணுறை பயன்படுத்தி, பிறகு விந்துப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

இடைவெளி மட்டும் போதும் என்பவர்களுக்கு அரசுச் சுகாதார நிலையங்களில் இலவச வழிகள் உள்ளன. காப்பர் டி, வகையைப் பொறுத்து ஐந்து அல்லது பத்து ஆண்டு வேலை செய்யும். பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளும் பொருத்தலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி 2017-இல் அரசுத் திட்டத்துக்கு வந்தது. அதில் மாதவிலக்கு தாறுமாறாகும், நின்றும் போகலாம். அதனால் கெடுதல் இல்லை. இதை நர்ஸ் முன்கூட்டியே சொல்லாவிட்டால் பெண் பயந்து அடுத்த ஊசிக்கு வரமாட்டாள். ஊசியை நிறுத்தியபின் கரு தங்கச் சில மாதம் கூடுதலாகலாம். ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரையை முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை சாப்பிட வேண்டும்; பாலூட்டுபவர்களுக்கும் ஏற்றது. மாலா-என் மாத்திரை பாலூட்டுபவர்களுக்குக் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை கூடாது. பால்வினை நோயிலிருந்தும் காப்பது ஆணுறை ஒன்றே.

பெண்ணுக்குச் செய்யும் எந்த முறையானாலும் சம்மதம் அவளுடையது. கருத்தடை அறுவைக்குக் கணவர் கையெழுத்து தேவையில்லை என்று மத்திய அரசின் வழிகாட்டுதலே சொல்கிறது. பல இடங்களில் இன்னும் கேட்கிறார்கள். படிவத்தைப் புரிந்த மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். பிரசவ வலியில் துடிப்பவளிடம் கையெழுத்து வாங்குவது சம்மதம் ஆகாது. கர்ப்ப காலப் பரிசோதனைக்கு வரும்போதே பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது. சொல்லாமல் காப்பர் டி பொருத்துவதும் உரிமை மீறல்தான். பாதுகாப்பும் உரிமைதான்: 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் கருத்தடை முகாம்களில் அறுவை செய்துகொண்ட பெண்கள் பத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். கருத்தடை முகாம்கள் பற்றிய தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் 2016-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இத்தகைய முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்தச் சொன்னது.

அறுவைக்குப் பிறகும் அரிதாகக் கரு தங்கும். மாதவிலக்கு தள்ளிப்போனால் உடனே அறுவை செய்த மருத்துவமனைக்குப் போக வேண்டும். முறை தோற்றாலும், சிக்கல் வந்தாலும், உயிர் போனாலும் அரசு இழப்பீடு உண்டு. அறுவைச் சான்றிதழைப் பத்திரப்படுத்தி, தாமதிக்காமல் மாவட்டக் குடும்ப நலத் துணை இயக்குநர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். கருத்தடை தோற்று உண்டான கருவை 20 வாரம் வரை சட்டப்படி கலைக்கலாம். 2021 திருத்தத்துக்குப் பிறகு மணமாகாத பெண்ணுக்கும் இது பொருந்தும்.