வீட்டுக்கு ஒருவர்

கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் வளைகுடா நாடுகளுக்கு ஆள் போகாத தெருவைப் பார்ப்பது அபூர்வம். 2002-இல் அங்கே ‘அட்சயா’ என்றொரு அரசுத் திட்டம் தொடங்கியது. குடும்பத்துக்கு ஒருவராவது கணினி கற்க வேண்டும், அவ்வளவுதான் இலக்கு. வீட்டிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் ஒரு மையம், பாடம் மலையாளத்திலேயே.

புதிதாகப் பிடிப்பவரிடம் மவுஸ் சொன்ன பேச்சு கேட்காது. மேசை விளிம்பு வந்ததும் ‘இனி எங்கே நகர்த்துவது?’ என்று கை நின்றுவிடும். அதைத் தூக்கி நடுவில் வைத்தால் போதும் என்பது தெரிந்தவருக்கு அற்பம், தெரியாதவருக்கு மலை. ஆனாலும், துபாயில் இருக்கும் மகனுக்கு மின்னஞ்சல் போடணுமே! அந்த அவசரத்தைவிட நல்ல வாத்தியார் உண்டா?

2017-இல் மத்திய அரசும் இதே வழிக்கு வந்தது. 6 கோடி கிராமக் குடும்பங்கள், வீட்டுக்கு ஒருவர், 20 மணி நேரப் பயிற்சி. கணினியோடு ஸ்மார்ட்போனும் சேர்த்து. வயது வரம்பு 14 முதல் 60 வரை இருந்தது.

61 வயதுப் பாட்டிக்கு? பேத்திதான் டீச்சர். திட்டும் உண்டு, கட்டணம் கிடையாது.