கடனில்லாக் கல்யாணம்... பட்ஜெட் நோட்டு மணப்பெண் கையில்!

கல்யாணக் கடனை அடைக்கப் புதுப்பெண்ணின் நகையே அடகுக்கடைக்குப் போவதைப் பல வீடுகளில் பார்க்கிறோம். அதனால், செலவுக் கணக்கு மணப்பெண் கையிலேயே இருக்கட்டும். பொம்மிடியில் கல்யாண வேலைகளைத் தானே இழுத்துப் போட்டுச் செய்யும் பெண்ணுக்குச் சில யோசனைகள்...

தேதி: வளர்பிறை முகூர்த்தத்தில் மண்டபம், பூ, சமையல் எல்லாமே விலை ஏறும். தேய்பிறை முகூர்த்தம் என்றால் பேரம் பேசலாம். தர்மபுரி மாவட்டத்திலேயே விளையும் சாமந்தி, சம்பங்கி மேடைக்கு. மல்லிகை தலைக்கு மட்டும்.

சாப்பாடு: பத்திரிகையை எண்ணாமல் தலையை எண்ணுங்கள். இலைக்கு 150 ரூபாய் என்றால், 50 பேர் குறைந்தாலே 7,500 ரூபாய் மிச்சம்.

நகை: செய்கூலி, சேதாரத்தைத் தனித்தனியாகக் கேளுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி குறியீடு கட்டாயம்.

சறுக்கல்: ஜாக்கெட் அளவு மாறும், மழை பெய்யும், சமையல்காரர் கடைசி நேரத்தில் கைவிரிப்பார். மொத்த பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்கை இதற்கென்றே ஒதுக்குங்கள். மொய்யை நம்பிச் செலவு செய்யாதீர்கள்; அது வருமானமல்ல, திருப்பிச் செய்யவேண்டிய முறை.

பதிவு: தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். 90 நாள்களுக்குள் முடித்துவிடுங்கள்.

ஒரு விஷயம்... உறவினர், நண்பர்கள் முன்னிலையில் இருவரும் சம்மதம் சொல்லி மாலை மாற்றினாலே, இந்துக்களுக்கு அந்தத் திருமணம் செல்லும் என்கிறது, 1967-ல் அண்ணா ஆட்சியில் நிறைவேறிய சுயமரியாதைத் திருமணச் சட்டத்திருத்தம். மற்ற செலவெல்லாம் நம் விருப்பம்தான். விருப்பத்துக்காகக் கடன் எதற்கு?