புல்லை வாழவைக்கும் பொடி உயிர்கள்

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நன்றாக வற்றும். அந்த நேரத்தில் பினாங்குப் பாலத்தில் தீவை நோக்கி வருபவர்கள் வலப்பக்கம் பார்த்தால், ஜெலுத்தோங், கெலுகோர் கரைக்கு எதிரே பழுப்பும் பச்சையுமாக ஒரு திட்டு தலைகாட்டுவது தெரியும். ‘மிடல் பேங்க்’ என்பது அதன் பெயர். பாலத்தில் போகும் பெரும்பாலோருக்கு அது வெறும் சேற்றுத் திட்டு. கடலறிஞர்களுக்கோ அது மேற்கு மலேசியாவின் முக்கியமான கடற்புல் படுகைகளில் ஒன்று. ஏறத்தாழ 50 ஹெக்டேரில் அங்கே புல் வளர்ந்து நிற்கிறது.

கடற்புல்லைப் பலரும் பாசி என்றே நினைக்கிறார்கள். பாசிக்கு வேர் கிடையாது, பூ கிடையாது. கடற்புல்லுக்கு வேர், தண்டு, இலை, பூ, காய் எல்லாம் உண்டு. நிலத்தில் வாழ்ந்த பூக்கும் தாவரங்களில் சில, பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்குத் திரும்பின. அவற்றின் வழிவந்தவை உலகம் முழுக்க ஏறத்தாழ 70 இனங்களாக இன்று வாழ்கின்றன. மிடல் பேங்கில் அதிகம் காணப்படுவது ‘ஹாலோஃபிலா ஓவாலிஸ்’. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய முட்டை வடிவ இலைகளுடன் மணலோடு ஒட்டிப் படரும். அதற்கு நேர்மாறானது ‘எனாலஸ் அக்கோராய்டிஸ்’. அதன் நாடா போன்ற இலைகள் ஒரு மீட்டரையும் தாண்டி நீளும்.

கடற்புல் என்றதும் ஆவுளியா, கடலாமை, கடல்குதிரை ஆகிய மூன்றின் படம்தான் பத்திரிகைகளில் வரும். ஆனால் இந்தப் புல்வெளியை நாள்தோறும் பராமரிப்பவை வேறு. அவற்றில் பெரும்பாலானவை அரிசி மணியைத் தாண்டாதவை. புல் அவற்றுக்கு வீடு கொடுக்கிறது என்று சொல்வது பாதி உண்மைதான். அவை இல்லாவிட்டால் புல்லே நிலைக்காது என்பது மீதிப் பாதி.

இவற்றைப் பார்ப்பதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. கையகல பிளாஸ்டிக் குழாயைப் புல்லோடு சேர்த்து மணலில் அழுத்தி எடுக்க வேண்டும். வந்த மண்ணை அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் போட்டுக் கடல்நீரால் அலசினால் சேறு ஓடிவிடும், குப்பையும் உயிர்களும் தங்கும். இலைத் துணுக்கு எது, புழு எது என்று கண்ணால் பிரிப்பது கடினம். அதற்காக ‘ரோஸ் பெங்கால்’ என்ற சாயத்தைச் சேர்ப்பார்கள். சதைப்பற்றுள்ள உடல்கள் அதை உறிஞ்சி அடர்ந்த இளஞ்சிவப்பாகிவிடும். வெள்ளைத் தட்டில் கொட்டினால், பழுப்புக் குப்பைக்கு நடுவே நூல்போன்ற புழுக்கள், வளைந்த கால்களுடன் ஓட்டுடலிகள், கடுகளவு நத்தைகள் எல்லாம் சிவந்து தெரியும். சல்லடையைத் தாண்டி ஓடிய சேற்றிலும் ஒரு கூட்டம் இருக்கிறது. நூற்புழுக்களையும் ‘கோப்பிபாடு’ எனும் மிகச் சிறிய ஓட்டுடலிகளையும் பிடிக்க அதைவிட நுண்ணிய சல்லடை வேண்டும்.

இலைமேல் மேய்பவற்றில் முதலிடம் ‘ஆம்பிபாட்’ எனும் ஓட்டுடலிகளுக்கு. பெலாச்சானுக்குப் போகும் சென்னாக்கூனிக்கு இவை தூரத்து உறவு. பக்கவாட்டில் நசுங்கியது போன்ற உடலோடு இலைகளில் தொற்றிக்கொண்டு திரியும். சின்னஞ்சிறு நத்தைகளும் தட்டையான ‘ஐசோபாட்’களும் இவற்றோடு சேர்ந்து மேயும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புல்லைவிட அதன்மேல் வழவழப்பாகப் படியும் ஒட்டுப்பாசிதான் பிடித்த தீனி.

இந்த மேய்ச்சல் நின்றால் என்ன ஆகும்? அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலக் கரையோரத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பூச்சிக்கொல்லி கலந்த பிளாஸ்டர் கட்டிகளைப் புல்லுக்கு நடுவே வைத்தார்கள். கட்டியிலிருந்து மருந்து மெல்லக் கசிந்தது. ஓட்டுடலிகள் குறைந்தன, மற்றவை அப்படியே இருந்தன. கோடையில் அந்த இடங்களில் ஒட்டுப்பாசி பல மடங்கு பெருகி இலைகளைப் போர்த்தியது. வெளிச்சம் கிடைக்காத புல் மெலிந்தது.

பினாங்குக்கு இந்தச் சோதனை மிகவும் பொருந்தும். மாசடைந்த ஆறுகளைப் பற்றிப் பேசும்போது பினாங்கு ஆறும் எதிர்க்கரையின் ஜூரு ஆறும் நெடுங்காலமாக அடிபடும் பெயர்கள். இரண்டும் மிடல் பேங்க் கிடக்கும் நீரிணையில்தான் கலக்கின்றன. கழிவுநீரில் வரும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் புல்லைவிட வேகமாகப் பாசியை வளர்க்கும். அப்படிப்பட்ட நீரில் மேய்பவற்றின் வேலை இரட்டிப்பாகிறது. பூச்சிகளும் ஓட்டுடலிகளும் நெருங்கிய உறவு என்பதால், பூச்சிகளைக் கொல்லும் பல மருந்துகள் ஓட்டுடலிகளையும் கொல்லும். வீட்டிலும் தோட்டத்திலும் அடிக்கும் மருந்து சாக்கடை வழியே எங்கே போய்ச் சேர்கிறது என்பது கடற்புல்லைப் பற்றிய கேள்வியும்கூட.

மண்ணுக்குக் கீழே இன்னொரு கூட்டணி நடக்கிறது. கடற்புல் படுகையின் சேற்றில் அழுகும் பொருள் அதிகம், ஆக்சிஜன் குறைவு. அங்கே உருவாகும் சல்ஃபைட்தான் சேற்றைக் கிளறும்போது அழுகிய முட்டை வாடையாக மூக்கில் ஏறுகிறது. அது வேர்களுக்கு நஞ்சு. ‘லூசினிட்’ குடும்பத்து மட்டிகள் அந்த நஞ்சை வைத்தே பிழைக்கின்றன. அவற்றின் செவுள்களில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் சல்ஃபைடை ஆக்சிஜனேற்றம் செய்து, அதில் கிடைக்கும் ஆற்றலால் உணவு தயாரித்து மட்டிக்கும் பங்கு கொடுக்கின்றன. புல் தன் வேர்வழியே கசியவிடும் ஆக்சிஜன் இந்த வேலைக்கு உதவுகிறது. புல்லும் மட்டியும் பாக்டீரியாவும் சேர்ந்த இந்த முக்கூட்டை 2012-ல் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வு விளக்கியது. உலகெங்கும் நடந்த கள ஆய்வுகளை அதே குழு தொகுத்துப் பார்த்தபோது, வெப்பமண்டலக் கடற்புல் படுகைகளில் 97 விழுக்காட்டில் லூசினிட் மட்டிகள் இருந்தன.

அடுத்தது பூ. கடலுக்கடியில் தேனீ இல்லை, மகரந்தத்தை நீரோட்டம்தான் கொண்டுபோகிறது என்றே நெடுங்காலம் எழுதப்பட்டுவந்தது. எனாலஸ் இதற்கு நல்ல சான்று. அதன் ஆண் பூக்கள் செடியிலிருந்து கழன்று, வெள்ளைப் பொடிகளாக நீர்ப்பரப்புக்கு மிதந்து வரும். நீர் வற்றும்போது பெண் பூக்கள் மேற்பரப்பை எட்டி அவற்றைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் எல்லாப் புல்லும் இப்படியல்ல. கரீபியன் கடலில் வளரும் ஆமைப்புல்லின் பூக்களை மெக்சிகோவில் பிரிகிட்டா வான் டுசன்புரூக் குழுவினர் இரவு நேரத்தில் கண்காணித்தார்கள். சின்னஞ்சிறு ஓட்டுடலிகளும் புழுக்களும் பூவுக்குப் பூ போய்வந்தன. மகரந்தம் தோய்ந்த பிசின் அவற்றின் உடலில் ஒட்டியிருந்தது. நீரோட்டமே இல்லாத தொட்டியில் இவற்றை விட்டபோதும் பெண் பூக்களில் மகரந்தச் சேர்க்கை நடந்தது. 2016-ல் வெளியான இந்த முடிவுக்குப் பிறகு, கடலில் மகரந்தம் சுமக்கும் உயிர்கள் இல்லை என்று சொல்ல முடியாமல் போயிற்று.

இத்தனை வேலை செய்யும் இந்த உயிர்களுக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. இறாலும் நண்டும் முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகளைக் கடலில் மிதக்கவிடும். அவை நீரோட்டத்தோடு பல கிலோமீட்டர் போய் வேறிடத்தில் வேரூன்ற முடியும். ஆம்பிபாடும் ஐசோபாடும் அப்படியல்ல. தாய் தன் மார்புப் பைக்குள்ளேயே முட்டைகளைச் சுமக்கும். வெளியே வரும் குட்டி அச்சு அசலாகத் தாயைப் போலிருக்கும், தாய் வாழ்ந்த இலையிலேயே வாழ்க்கையைத் தொடங்கும். வேறொரு படுகைக்குப் போவதென்றால், பிய்ந்து மிதக்கும் இலையில் தொற்றிக்கொண்டு போகும் அதிர்ஷ்டம் வேண்டும். நகரத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவே தனித்துக் கிடக்கும் மிடல் பேங்கில் இவை அற்றுப்போனால், மறுபடி வந்து சேர நெடுங்காலம் ஆகலாம்.

இது வெறும் அச்சமல்ல, நடந்த கதை உண்டு. 1930-களின் தொடக்கத்தில் வட அட்லாண்டிக்கில் ‘ஈல்கிராஸ்’ என்ற கடற்புல் நோய் தாக்கிப் பெருமளவில் மடிந்தது. உப்பு குறைந்த கழிமுகங்களில் மட்டும் கொஞ்சம் தப்பியது. பிற்பாடு அங்கிருந்து புல் மீண்டும் பரவியது. ஆனால் அந்த இலைகளில் மட்டுமே மேய்ந்து வாழ்ந்த ‘லாட்டியா ஆல்வியஸ்’ என்ற சிறு நத்தை திரும்பவில்லை. உப்பு குறைந்த நீர் அதற்கு ஒத்துவராது என்பதால் தப்பிய புல்லில் அது தங்க முடியவில்லை. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் 1929-ல் சேகரித்ததோடு சரி. அது அற்றுப்போனதை அறிஞர்கள் உறுதிசெய்து எழுதியது 1991-ல். ஒரு கடலின் உயிரினம் மறைந்ததை உலகம் உணர அறுபது ஆண்டுகள் பிடித்தன.

இந்தப் பொடி உயிர்களின் கணக்கு நம் தட்டுவரை நீள்கிறது. பினாங்கின் ஹொக்கியன் மீக்குச் சுவை கூட்டும் இறாலின் பல இனங்கள் இளம் பருவத்தில் ஆழமற்ற புல்வெளிகளில் ஒளிந்து வளர்பவை. புழுவும் கோப்பிபாடும் அவற்றின் தீனி. நீல நண்டும் இங்கே வளர்கிறது. கடல்குதிரைக்கு வயிறு என்ற உறுப்பே இல்லை, விழுங்கியது சீக்கிரம் கடந்துபோய்விடும். வாலால் புல்லைப் பற்றியபடி ஓயாமல் சிறு ஓட்டுடலிகளை உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். புல் இருந்து கூனி இல்லையென்றால் அதற்குப் பட்டினிதான்.

மிடல் பேங்குக்குத் தொல்லைகள் பழையவை. 1980-களில் பாலம் கட்டியபோது அதை ஒட்டி கசும்போ என்ற சிறு தீவே உருவானது. பினாங்குத் தீவின் கரைகளில் மண்கொட்டிக் கடலை நிரப்பும் வேலைகள் அதன்பின் தொடர்ந்தன. ஜெலுத்தோங் குப்பைமேடு கரையோரத்தில்தான் நிற்கிறது. கடலடியைத் தோண்டினாலும் நிரப்பினாலும் கிளம்பும் வண்டல், இலைமேல் படிந்து வெளிச்சத்தை மறைக்கும், சல்லடை போன்ற செவுள்களை அடைக்கும். ஜோகூரின் மெராம்போங் கடற்புல் படுகையின் மேல் ‘ஃபாரஸ்ட் சிட்டி’ நகரத் திட்டத்துக்காக 2014-ல் மண் கொட்டியபோது புல் புதைந்ததை நாடே பார்த்தது.

மிடல் பேங்கைக் கடல் சரணாலயமாக்கும் திட்டத்தைப் பினாங்கு மாநில அரசு முன்வைத்திருக்கிறது. தெலுக் பகாங்கை அடுத்த முகா முனையில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு மையம் இருக்கிறது. அறிவும் ஆளும் உள்ளூரிலேயே உண்டு. நல்ல தொடக்கம்தான். ஆனால் சரணாலயம் என்றால் வரைபடத்தில் கோடு போட்டு, உள்ளே எத்தனை ஹெக்டேர் பச்சை என்று அளப்பதே வழக்கம். செயற்கைக்கோளுக்குப் பச்சை தெரியும், ஆம்பிபாட் தெரியாது. புல்லின் பரப்பு குறைவதற்கு முன்பே மேய்பவை குறைந்திருக்கும், ஒட்டுப்பாசி தடித்திருக்கும். பரப்பளவு சுருங்கியபின் எச்சரிக்கை விடுவது தாமதம்.

ஆகவே ஆண்டுதோறும் ஒரே இடங்களில், ஒரே பருவத்தில், ஒரே அளவு மண்ணெடுத்துச் சலித்து எண்ணும் பழக்கம் சரணாலயத் திட்டத்திலேயே இடம்பெற வேண்டும். இதற்குப் பெரிய கப்பல் வேண்டாம். குழாய், சல்லடை, சாயம், ஒரு சாதாரண நுண்ணோக்கி போதும். ஆய்வு மையத்தின் வழிகாட்டுதலில் தீவின் இடைநிலைப்பள்ளி அறிவியல் கழகங்களே இதைச் செய்யலாம். பத்து ஆண்டு எண்ணிக்கை கையில் இருந்தால், அடுத்த கட்டுமானத் திட்டம் வரும்போது ‘அது வெறும் சேற்றுத் திட்டு’ என்று யாரும் எளிதாகச் சொல்லிவிட முடியாது.