வீட்டிலிருந்தே வருவாய்: நோயோடு வாழும் குடும்பங்கள் போட வேண்டிய கணக்கு

டயாலிசிஸ் எனப்படும் குருதிச் சுத்திகரிப்புக்கு வரும் ஒருவர் வாரத்தில் இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்திருக்க வேண்டும். செங்கத்திலிருந்தோ போளூரிலிருந்தோ பேருந்தில் வந்து திரும்பும் நேரத்தையும் கூட்டினால் ஒரு பகல் முழுவதும் கழிந்துவிடும். உடன் வருபவருக்கும் அந்தப் பகல் இல்லாமற் போகிறது. இவ்வாறு மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் விடுப்புக் கொடுக்கக்கூடிய கடையும் ஆலையும் அரிது. ஆகவே, செலவு உயரும் அதே மாதத்தில் வருவாய் நின்றுபோகிறது. பக்கவாதத்தில் படுத்த தந்தையைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கும், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் மனைவிக்குத் துணைநிற்கும் கணவருக்கும் இதே நிலைதான்.

“வீட்டிலிருந்தே ஏதாவது செய்ய முடியுமா?” என்ற கேள்வி இத்தகைய குடும்பங்களில் தவறாமல் எழுகிறது. முடியும். ஆனால் அதற்கு முன் சில கணக்குகளைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நம் மாவட்டத்துக்குப் புதிதன்று

வீட்டில் இருந்தபடி, செய்த வேலைக்கு மட்டும் கூலி பெறும் முறை கணினியோடு வந்ததன்று. ஆரணியில் பட்டு நெசவு பல தலைமுறைகளாக இவ்வாறுதான் நடந்து வருகிறது. நெசவாளர் தறி முதலாளியிடமோ கூட்டுறவுச் சங்கத்திடமோ பட்டு நூலும் சரிகையும் பெறுகிறார். வீட்டிலுள்ள குழித்தறியில் நெய்கிறார். சேலையை ஒப்படைத்துக் கூலி பெறுகிறார். நேரம் அவருடையது, இடமும் அவருடையது. வீட்டிலுள்ளோர் தார் சுற்றியும் இழை பிணைத்தும் உதவுகின்றனர். வந்தவாசிப் பக்கம் கோரைப்பாய் நெய்வோரும், வேலூர் மாவட்டத்தில் பீடி சுற்றுவோரும், ஆம்பூர்ப் பகுதியில் காலணியின் மேற்பாகம் தைப்போரும் இவ்வகையினரே.

இவர்களது வாழ்க்கை நமக்கு இரண்டு பாடங்களைச் சொல்கிறது. முதலாவது, இம்முறை உண்மையாகவே குடும்பத்தைத் தாங்கும். குழந்தையைத் தூளியில் ஆட்டிக்கொண்டும், முதியோருக்கு வேளைக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டும் வேலை செய்ய இது இடந்தருகிறது. இரண்டாவது, தறி நின்றால் கூலியும் நிற்கும். மழைக்காலத்தில் தறிக்குழியில் நீர் ஊறினாலும், முதுகுவலியில் நெசவாளர் படுத்தாலும் அந்த நாளுக்கு வருவாய் இல்லை. ஆலைத் தொழிலாளி ஒருவர் ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருந்தால், நோயுற்ற காலத்தில் ஊதியத்தில் 70 விழுக்காடு, ஓராண்டில் 91 நாள் வரை பெற வழியுண்டு. வீட்டிலிருந்து தனித்து உழைப்பவருக்கு அத்தகைய பணப்பயன் இல்லை. கணினியில் தட்டச்சு செய்பவருக்கும் இது பொருந்தும்.

முதற் கணக்கு: உடல்

எந்த வேலை என்று தேடுவதற்கு முன், உடல் எதைத் தாங்கும் என்பதை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். ஆரி வேலை, சேலைக்கு ஃபால்ஸ் தைத்தல், குஞ்சம் கட்டுதல் ஆகியவற்றுக்கு நம் ஊர்களில் தேவை மிகுதி. ஆனால் நீண்டநாள் நீரிழிவால் விரல்கள் மரத்துப் போனவருக்கு ஊசி குத்தியது தெரியாது. புண் ஆறவும் நாளாகும். விழித்திரை பாதிக்கப்பட்டவருக்கு நுண்ணிய தையல் ஏற்றதன்று. கீமோ மருந்து பெறுவோருக்கு வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் சிறு காயமும் தொற்றுக்கு வழிவகுக்கும். சில கீமோ மருந்துகளே விரல் நுனிகளில் மரப்பை உண்டாக்கும்.

டயாலிசிஸ் பெறுவோர், ஃபிஸ்டுலா உள்ள கையை மேசை விளிம்பில் அழுத்தி வைத்துக்கொண்டு தட்டச்சு செய்யலாகாது. அக்கையில் இறுக்கமான வளையலோ கடிகாரமோ கூடாது. இன்சுலின் போடுவோர் வேலை மும்முரத்தில் உணவு வேளையைத் தவறவிட்டால் குருதிச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடும். எவராயினும் மணிக்கு ஒருமுறை எழுந்து சில நிமிடம் நடக்க வேண்டும். நெடுநேரம் அசையாமல் இருப்பது கால் நாளங்களில் குருதி உறைவதற்கு ஏதுவாகும். திரையில் வேலை செய்வோர் 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தொலைவிலுள்ள பொருளை 20 வினாடி பார்ப்பது கண்ணுக்கு ஓய்வு தரும்.

வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக இரவெல்லாம் விழித்திருந்து உழைப்போரும் உள்ளனர். குருதி அழுத்தம், இதயநோய், வலிப்பு உள்ளவர்களுக்கு உறக்கக் குறைவு மருந்தின் பயனையே கெடுத்துவிடக்கூடும். அத்தகைய வேலையை ஏற்குமுன் மருத்துவரின் கருத்தைக் கேளுங்கள்.

இரண்டாவது கணக்கு: கூலி

வீட்டு வேலையைத் தொடங்குவோர் செய்யும் பொதுவான பிழை, விலையைக் குறைத்துச் சொல்வது. ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். ஒரு குடும்பத்துக்கு மாதம் 12,000 ரூபாய் தேவை என்று கொள்வோம். “25 நாள், நாளுக்கு 8 மணி நேரம், ஆக 200 மணி நேரம், மணிக்கு 60 ரூபாய் கிடைத்தால் போதும்” என்று கணக்கிடுவது எளிது. ஆனால் டயாலிசிஸ் நாள்கள் 12 போயின. சிகிச்சைக்கு மறுநாள் சோர்வு உண்டு; அவற்றுள் சில நாளும் போயின. விடுமுறை நாள்களையும் சேர்த்து மாதம் முழுவதையும் கணக்கில் கொண்டால் எஞ்சுவது 15 நாள். நாளுக்கு 4 மணி நேரமே உடல் தாங்கும் எனில், கையில் இருப்பது 60 மணி நேரம். அதிலும் கால்பங்கு, வேலை தேடவும் பேசவும் பணத்துக்கு நினைவூட்டவும் செலவாகும். ஆகக் கூலி ஈட்டும் நேரம் 45 மணி மட்டுமே. 12,000 ரூபாயை 45 ஆல் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 270 ரூபாய் வருகிறது.

60 எங்கே, 270 எங்கே! இந்த இடைவெளியை அறியாமல் வேலையை ஒப்புக்கொள்பவர், ஈடுகட்ட இரவிலும் உழைத்து மீண்டும் மருத்துவமனைக்கு வர நேரும். மணிக்கு 270 ரூபாய் எல்லா வேலைக்கும் கிடைக்காது என்பதும் உண்மையே. அப்போது வீட்டு வருவாய் முழுத் தேவையை நிறைவு செய்யாது, ஒரு பகுதியையே தாங்கும் என்று தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. மீதிக்கு வேறு வழியை இன்றே தேடலாம்.

ஆகையால் திறன் கூடிய வேலை நோயாளிக்கு அதிகம் பொருந்தும். முன்பு கணக்கராக இருந்தவர் இரண்டு மூன்று கடைகளுக்கு டாலியில் கணக்கெழுதலாம். ஆசிரியராக இருந்தவர் இணையவழியில் பாடம் நடத்தலாம். தமிழும் ஆங்கிலமும் நன்கறிந்தவர் மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்யலாம்; அவர்கள், 1999இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொள்வது வேகத்தைக் கூட்டும். அறிந்த தொழிலை வீட்டுக்குக் கொண்டுவருவது, அறியாத தொழிலை நோய்க்காலத்தில் கற்பதைவிட எளிது.

ஃபைவர் போன்ற இணையத் தளங்களில் பதிவு செய்தும் வேலை பெறலாம். அங்கே தளத்தின் கட்டணத்தையும் விலையில் சேர்க்க வேண்டும். ஃபைவர் 20 விழுக்காடு பிடித்துக்கொள்வதால், 1,000 ரூபாய் வேலைக்கு 800 ரூபாயே கைக்கு வரும்.

தேதி ஒப்புக்கொள்ளும்போதும் எச்சரிக்கை தேவை. நாட்காட்டியில் சிகிச்சை நாள்களையும் மறுபரிசோதனை நாள்களையும் முதலில் குறித்துவிடுங்கள். நம் ஊரில் பௌர்ணமியையும் கார்த்திகை தீபத்தையும் சேர்த்தே குறிக்க வேண்டும். கிரிவலக் கூட்டத்தில் மருத்துவமனைக்கு வந்து திரும்பவே கூடுதல் நேரமாகும். பிறகு எஞ்சும் நாள்களைக் கொண்டு, மூன்று நாளில் முடியும் வேலைக்கு ஐந்து நாள் கேளுங்கள். புதிய வாடிக்கையாளரிடம் ஒரு பகுதியை முன்பணமாகப் பெறுவது முறையே. அதில் கூச்சம் வேண்டா.

மூன்றாவது கணக்கு: ஏமாற்று

வீட்டில் முடங்கியவரின் தேவையை அறிந்தே மோசடிக்காரர்கள் வலை விரிக்கின்றனர். இவற்றுள் இரண்டு வகை பரவலானவை. முதல் வகையில், “டேட்டா என்ட்ரி வேலை” என்று சொல்லிப் பதிவுக் கட்டணம் வாங்குவார்கள்; ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமும் பெறுவார்கள். சில நாள் கழித்து, வேலையில் பிழை மிகுதி என்று கூறி, ஒப்பந்தத்தை மீறியதற்கு வழக்குத் தொடுப்போம் என வழக்கறிஞர் அறிவிப்புப் போன்ற ஒன்றை அனுப்பிப் பணம் பறிப்பார்கள். இரண்டாம் வகையில், காணொளியை விரும்பினால் 50 ரூபாய், உணவகத்துக்கு மதிப்பெண் இட்டால் 100 ரூபாய் என்று முதலில் உண்மையாகவே பணம் அனுப்புவார்கள். நம்பிக்கை வந்தபின், பெரிய வேலைக்கு நீங்கள் முதலில் பணம் கட்ட வேண்டும் என்பார்கள். கட்டிய பணம் திரும்பாது.

நினைவில் வைக்க ஒரே விதி போதும்: வேலை கொடுப்பவர்தாம் பணம் தருவார், வேலை செய்பவரிடம் கேட்கமாட்டார். ஓ.டி.பி. எண்ணையோ, வங்கிக் கணக்கைப் பிறர் பயன்படுத்தும் உரிமையையோ எவருக்கும் கொடுக்காதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டா. 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். எவ்வளவு விரைவில் அழைக்கிறீர்களோ, பணத்தை வங்கியில் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு கூடும். சிகிச்சைக்கென வைத்த பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து, அக்கணக்கைக் கைப்பேசிச் செயலியோடு இணைக்காமல் இருப்பதும் நல்ல காப்பு.

நான்காவது கணக்கு: காப்பு

ஈ.எஸ்.ஐ. இல்லாதவருக்கும் சில வழிகள் உள்ளன. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம்; டயாலிசிஸும் இதன்கீழ் வரும். வீட்டிலிருந்து ஈட்டத் தொடங்கியபின் வருமானச் சான்றிதழில் உண்மைத் தொகையையே காட்டுங்கள். வருவாய் வரம்பைத் தாண்டும் நிலை வந்தால், மாற்றுக் காப்பீடு குறித்து முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

ஒன்றிய அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் தளத்தில், 16 முதல் 59 வயது வரையுள்ள அமைப்புசாராத் தொழிலாளர்கள் இலவசமாகப் பதிவு செய்யலாம். தையல், கைத்தறி போன்ற தொழில்களுக்குத் தமிழக அரசின் நல வாரியங்கள் தனியே உள்ளன. கல்வி உதவி, விபத்து உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் ஆகியவை அவற்றின்வழி கிடைக்கும். வங்கிக் கணக்கு உள்ளவர்கள் ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்தி, 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு பெறும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் சேரலாம்.

இவற்றோடு, ஈட்டும் தொகையில் பத்தில் ஒரு பங்கையாவது “படுக்கை நாளுக்கு” என ஒதுக்கி வையுங்கள். வேலை கொடுத்தவர் வரி பிடித்தம் செய்திருந்தால், உங்கள் வருமானம் வரி வரம்புக்குள் இருக்கும்போது கணக்குத் தாக்கல் செய்து அத்தொகையைத் திரும்பப் பெறலாம். இதற்காகவேனும் வரவுகளை ஒரு நோட்டில் எழுதிவருவது நன்று.

பராமரிப்பவருக்கு ஒரு சொல்

நோயாளியைக் கவனிப்பவரே வீட்டிலிருந்து ஈட்டவும் முனையும்போது, இரண்டு முழுநேர வேலைகள் ஒருவர் தலையில் விழுகின்றன. “வீட்டில்தானே இருக்கிறாய்” என்று சுற்றத்தார் மூன்றாவது வேலையையும் சுமத்துவதுண்டு. நாளில் இரண்டு மணி நேரமாவது நோயாளியைப் பார்த்துக்கொள்ள இன்னொருவரை ஏற்பாடு செய்து, அந்த நேரத்தை வேலைக்கென ஒதுக்குங்கள். அது ஓர் உறவினராகவோ அடுத்த வீட்டுக்காரராகவோ இருக்கலாம். உதவி கேட்பது தாழ்வன்று. உங்கள் முதுகுவலியும் உறக்கமின்மையும் மருத்துவரிடம் சொல்லத்தக்கவையே. அடுத்தமுறை நோயாளியோடு வரும்போது உங்களையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

நோயாளிக்கும் இதில் பங்குண்டு. மருந்து வேளைகளைத் தானே குறித்துவைத்தல், வரவு செலவு எழுதுதல், தொலைபேசியில் வாடிக்கையாளரோடு பேசுதல் போன்றவற்றைப் படுக்கையில் இருந்தபடியே செய்ய இயலுபவர் பலர். நூறு ரூபாயே ஆயினும், தாம் ஈட்டியதென ஒன்று வீட்டுக்கு வரும்போது நோயாளியின் முகத்தில் தோன்றும் தெளிவை அவரது வீட்டார் அறிவர்.

அடுத்தமுறை மருத்துவமனைக்கு வரும்போது மூன்று செய்திகளை ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள்: முன்பு செய்த தொழில், இப்போது ஒரு நாளில் உட்கார்ந்து வேலை செய்ய முடிகிற நேரம், செய்யும்போது வலி எடுக்கும் இடம். அத்தாளை மருத்துவரிடம் காட்டி, எது தகும், எது தகாது என்று கேளுங்கள். காப்பீட்டு அட்டை, வருமானச் சான்றிதழ் குறித்த ஐயங்களை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்கலாம். அதன்பின் முதல் வேலையைச் சிறிதாக, ஒரு வாடிக்கையாளரோடு மட்டும் தொடங்குங்கள்.