30 நாள், 30 கோலம்!

பெரம்பலூர், அரியலூர் வாசல்களில் மார்கழி

மார்கழி பிறந்துவிட்டால், பெரம்பலூர், அரியலூர் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு கணக்கு உண்டு.

நாளுக்கு ஒரு கோலம். இன்று போட்டதை நாளை போடக்கூடாது. தை பிறக்கும் வரை விடக்கூடாது.

இப்படிச் செய்ய வேண்டும் என்று யாரும் உத்தரவு போடவில்லை. தவறினால் அபராதம் கிடையாது. செய்தால் கூலியும் கிடையாது. ஆனாலும் வருடம் தவறாமல் நடக்கிறது.

மார்கழிக்குச் சில ஆண்டுகளில் 29 நாள். சில ஆண்டுகளில் 30 நாள். டிசம்பர் 16-ந் தேதி வாக்கில் தொடங்கும். ஜனவரி நடுவில் போகிப் பண்டிகையோடு முடியும். ஆண்டாள் பாடிய திருப்பாவையும் 30 பாட்டு. கோவிலில் நாளுக்கு ஒரு பாட்டு; வாசலில் நாளுக்கு ஒரு கோலம்!

வாளிச் சத்தம்

மார்கழியில் இந்தப் பகுதியில் சூரியன் உதிக்கக் காலை சுமார் 6½ மணி ஆகிவிடும். ஆனால், அதற்கு வெகு நேரம் முன்பே தெருவில் வாளிச் சத்தம் கேட்கும். பிறகு விளக்குமாற்றுச் சத்தம். அதன் பிறகு சத்தமே இராது. கோலம் போடும் கை பேசாது.

பெரம்பலூர் சின்ன வெங்காயத்துக்குப் பேர் போனது. பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் பூமி. அரியலூர்ப் பக்கம் கொள்ளிடக் கரையில் நெல். ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரி. இந்த வேலைகளில் பாதிக்கு மேல் பெண்கள் கைதான் முன்னே நிற்கும்.

பொழுது விடிந்தால் காட்டுக்குப் போக வேண்டும். அதற்குள் சோறு பொங்க வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். இத்தனைக்கும் நடுவில், விடியற்காலை அரை மணி நேரம் அவர்களுக்கே உரியது. அந்த அரை மணியில் பிறந்ததுதான் அன்றைய கோலம்.

பெரம்பலூர் மாவட்டம் 1995-ல் திருச்சியில் இருந்து பிரிந்தது. அரியலூர், 2001-ல் பெரம்பலூரில் இருந்து பிரிந்தது. 2002-ல் மறுபடி சேர்ந்தது. 2007-ல் திரும்பவும் தனி மாவட்டம் ஆயிற்று. ஆபீசுகள் இப்படி மாறி மாறி நடந்தன. வாசல் வழக்கம் மட்டும் இரண்டு மாவட்டத்துக்கும் ஒன்றாகவே இருக்கிறது.

சாணமும் சிமெண்டும்

முன்பு தெருக்கள் எல்லாம் மண் தெருக்கள். சாணத்தைக் கரைத்துத் தெளிப்பார்கள். மண் இறுகும்; புழுதி அடங்கும்; தரை பச்சை நிறமாகும். அதன் மேல் வெள்ளைக் கோலம் பளிச்சென்று தெரியும்.

இப்போது பல தெருக்களுக்குச் சிமெண்டு வந்துவிட்டது. அரியலூரோ சிமெண்டு ஆலைகளின் ஊர். பூமிக்கு அடியில் சுண்ணாம்புக் கல். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல் இருந்த இடம் இது. நத்தை, சிப்பிகளின் உருவம் இன்றும் கல்லில் கிடைக்கிறது. அந்தச் சுண்ணாம்புக் கல்தான் சிமெண்டாகி, தெருவில் தரையாகிறது.

சிமெண்டுத் தரையில் சாணம் ஒட்டாது. தண்ணீர் தெளிப்பதோடு சரி. ஈரம் காய்வதற்குள் மாவு விழ வேண்டும். காய்ந்துவிட்டால் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும்.

மாவும் மாறிவிட்டது. அரிசி மாவுக்குப் பதில் வெள்ளைக் கல் பொடி வந்தது. "கோலமாவே... கோலமாவு!" என்று கூவிக்கொண்டு சைக்கிளில் விற்பவர்கள் மார்கழியில் தெருவுக்குத் தெரு வருவார்கள். கலர்ப் பொடியும் விற்கும். ஆனால், அரிசி மாவில் ஒரு புண்ணியம் இருந்தது. எறும்புக்கும் குருவிக்கும் அது காலை ஆகாரம். கல் பொடி யாருக்கும் ஆகாரம் ஆகாது. அதனால், கல் பொடியில் கோலம் போட்டாலும் ஒரு சிட்டிகை அரிசி மாவை நடுவில் தூவும் பழக்கம் நல்லது.

கோலத்தின் நடுவே சாண உருண்டை; அதன் தலையில் மஞ்சள் நிறப் பூசணிப் பூ. இது மார்கழிக்கே உரிய அலங்காரம்.

புள்ளிக் கணக்கு

"அப்பாயி, நாளைக்கு என்ன கோலம்?"

"7 புள்ளி ஊடுபுள்ளி, 4-ல் நிறுத்து."

இந்த ஒரு வரி போதும். பேத்திக்கு எல்லாம் புரிந்துவிடும். நடு வரிசையில் 7 புள்ளி. அதற்கு மேலும் கீழும், இரண்டு புள்ளிகளின் இடைவெளிக்கு நேராக 6 புள்ளி. பிறகு 5. பிறகு 4. அதோடு நிறுத்திவிட வேண்டும். கூட்டிப் பாருங்கள்: மொத்தம் 37 புள்ளி!

இடைவெளியில் வைத்தால் ஊடுபுள்ளி. புள்ளிக்கு நேராகவே புள்ளி வைத்தால் நேர்ப்புள்ளி. நேர்ப்புள்ளியில் 1, 3, 5, 3, 1 என்று வைத்தால் 13 புள்ளி. 5 வரிசைக்கு 5 புள்ளி என்றால் 25.

சிக்குக் கோலம் இன்னும் கடினம். அதற்கு மூன்று விதிகள்:

ஒரு புள்ளியும் விடுபடக் கூடாது.

போன கோட்டின் மேலேயே மறுபடி போகக் கூடாது, குறுக்கே தாண்டலாம்.

தொடங்கிய இடத்துக்கே கோடு வந்து சேர வேண்டும்.

ஓர் இடத்தில் வளைவு தவறினால் கோடு வழி தெரியாமல் நின்றுவிடும். அப்போது அழித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டியதுதான்.

பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பாட்டிமார்கள் எத்தனையோ பேர், இதை எல்லாம் மனதிலேயே வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால், 37 புள்ளியை ஒரு கோட்டில் சுற்றி வரத் தெரியும்! கோலம் பழகிய கைக்கு "அ"-வின் சுழியும் "இ"-யின் வளைவும் ஒரு பாடமா?

பேராசிரியர்கள் கண்ட கோலம்

இந்தப் பாட்டிமார்களின் கணக்கைப் படித்தவர்கள் சும்மா விடவில்லை.

தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி என்ற பேராசிரியர் இருந்தார். அவரும் ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோரும் சேர்ந்து கோலத்தை ஆராய்ந்தார்கள். 1974-ல் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோல, கோலத்துக்கும் இலக்கணம் எழுதலாம் என்று காட்டினார்கள். அந்த இலக்கணத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்தால், அதுவும் கோலம் போடும்!

வாசலில் குனிந்து போட்ட கோடு, கணித ஆராய்ச்சி ஏட்டில் ஏறிவிட்டது.

கடல் கடந்த மாதங்கள்

ஒரு மாதம் முழுவதும் தினம் ஒரு கலை வேலை. இந்த எண்ணம் வேறு தேசத்தாருக்கும் தோன்றியிருக்கிறது.

1999-ல் அமெரிக்காவில் கிறிஸ் பேட்டி என்பவர், ஒரே மாதத்தில் நாவல் எழுதுவது என்று நண்பர்களோடு தொடங்கினார். மொத்தம் 21 பேர். பிறகு இது உலகெங்கும் பரவியது. நவம்பர் மாதம் 30 நாளில் 50,000 வார்த்தை எழுத வேண்டும் என்பது கணக்கு. அதை நடத்தி வந்த அமைப்பு 2025-ல் மூடப்படுவதாக அறிவித்தது.

2009-ல் ஜேக் பார்க்கர் என்ற ஓவியர், அக்டோபர் மாதம் முழுவதும் நாளுக்கு ஒரு மைச் சித்திரம் வரைவது என்று தொடங்கினார். பல தேசங்களில் பலர் பின்பற்றினார்கள்.

அவற்றை எல்லாம் ஒருவர் தொடங்கினார். ஊர் பேர் தெரிந்தது. மார்கழிக் கோலத்தைத் தொடங்கியவர் யார்? பெயர் இல்லை. மூடுவதற்கு ஆபீசும் இல்லை. தாய் மகளுக்குச் சொன்னாள். மகள் தன் மகளுக்குச் சொன்னாள். அவ்வளவுதான்.

கோலம் இல்லாத வாசல்

மார்கழியில் ஒரு வாசல் மட்டும் வெறுமையாக இருந்தால், தெருவே கவனிக்கும். கேள்வி கேட்காமலே விஷயம் புரியும்.

சாவு விழுந்த வீட்டில் கோலம் இராது. அக்கம் பக்கத்தார் அங்கே குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். சில நாளில், அல்லது சில மாதத்தில், அந்த வாசலில் மறுபடியும் ஒரு சிறு கோலம் விழும். 5 புள்ளிதான் இருக்கும். "அந்த வீட்டு அம்மாள் எழுந்துவிட்டாள்" என்று தெரு மூச்சு விடும்.

படுத்த படுக்கையாகக் கிடப்பவள் வீட்டு வாசலிலும் கோலம் விழுவது உண்டு. அடுத்த வீட்டுக்காரி தன் வாசலை முடித்துவிட்டு, மீந்த மாவில் இங்கேயும் ஒன்று போட்டுவிட்டுப் போவாள்.

ஒரு நாள் தவறினால்?

லண்டனில் பிலிப்பா லாலி என்ற ஆராய்ச்சியாளர், 96 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார். முடிவு 2010-ல் வெளிவந்தது. ஒரு புதிய செயல் தானாகவே நடக்கும் பழக்கமாக மாற, சராசரி 66 நாள் ஆகிறதாம். சிலருக்கு 18 நாள் போதும். சிலருக்கு 254 நாள் வேண்டும்!

அப்படியானால் 30 நாள் போதுமா? போதாது. ஆனால், வாசல் தெளித்துச் சிறு கோலம் போடுவது வருடம் முழுவதும் நடக்கிற வேலை. அது அஸ்திவாரம். மார்கழிப் பெரிய கோலம் அதன் மேல் எழுப்பிய மாடி. அஸ்திவாரம் பழையது, அதனால்தான் மாடி நிற்கிறது.

அதே சோதனை இன்னொன்றும் சொல்கிறது. இடையில் ஒரு நாள் தவறுவதால் பெரிய கெடுதல் இல்லை. மறுநாள் எழுந்துவிட்டால் போதும்.

கோலமும் இதையே சொல்கிறது. நேற்றைய கோலம் அழகாக வந்ததா? இன்று காலை அதன் மேல் தண்ணீர் விழுந்துவிடும். கோணலாகப் போய்விட்டதா? அதுவும் இன்று இருக்காது. பெருமையும் மிஞ்சாது, அவமானமும் மிஞ்சாது. கைக்கு வந்த பழக்கம் மட்டும் மிஞ்சும். தவறு செய்யப் பயப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் ஏது?

நீங்களும் செய்யலாம்

புதிதாகத் தொடங்குவோர் முதல் நாளே 21 புள்ளி வைக்க வேண்டாம். முதல் வாரம் 5 புள்ளி. இரண்டாம் வாரம் 7. மூன்றாம் வாரம் சிக்குக் கோலம். கடைசி வாரம் கலர். போகி கழிந்தால் பொங்கல் பானைக் கோலம்.

முதல் நாள் மாலையே மறுநாள் கோலத்தை நோட்டில் போட்டுப் பாருங்கள். கட்டம் போட்ட நோட்டாக இருந்தால் புள்ளி வைக்கச் சுலபம். ஓரத்தில் தேதி எழுதுங்கள்.

ஒட்டுகிற ஸ்டிக்கர் கோலமும் கடையில் கிடைக்கிறது. ஒரு நொடியில் வேலை முடியும். ஆனால், கை ஒன்றும் கற்றுக்கொள்ளாது.

வாசல் இல்லாத மாடி வீட்டுக்காரர்கள் கதவுக்கு முன்னே ஒரு சாண் இடத்தில் போடலாம். ஒரு பலகை இருந்தாலும் போதும்.

இன்னொன்று. விடியற்காலைக் குளிரில் எழுவது பெண்களின் பாடு மட்டும் ஆகக் கூடாது. அம்மா புள்ளி வைக்கட்டும். மகள் கோடு இழுக்கட்டும். பையன் கலர் தூவட்டும். அப்பா? வாளித் தண்ணீரைத் தூக்கி வந்து கொடுக்கலாமே! அவரும் ஒரு நாள் மாவு எடுத்துப் பார்த்தால், 37 புள்ளி என்பது எவ்வளவு பெரிய கணக்கு என்று தெரிந்துவிடும்.